திருச்சியிலிருந்து பலாலிக்கு: தூரமும் பறக்கும் நேரமும்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலி விமான நிலையத்துக்கும் இடையிலுள்ள வான்வழித் தூரம் ஏறத்தாழ 184 கிலோமீட்டர். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர் என்னும் விமானிகளின் அளவையில் இது 100 கடல்மைலுக்குச் சற்றே குறைவு. உருண்டையான புவிப்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோடான பெருவட்ட வில்லை அளந்தே இத்தகைய தூரங்கள் கணிக்கப்படுகின்றன. கண்டம் கடக்கும் பயணங்களில் இந்த வில் வரைபடத்து நேர்கோட்டிலிருந்து வெகுவாக விலகிச் சென்றாலும், பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கரையைத் தாண்டிப் பாக் நீரிணையைக் கடக்கும் இந்தச் சிறு வழியில் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளலாம்.

இவ்வழியில் 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ நிறுவனம் சேவை தொடங்கியது. அதற்குரிய ஏடிஆர் 72 என்னும் சுழல்விசிறி விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்க வல்லது என்பதால், 184 கிலோமீட்டரைக் கடக்க 22 நிமிடங்களே போதும் என்று தோன்றும். ஆயினும் கால அட்டவணை ஏறத்தாழ ஒரு மணி நேரம் காட்டுகிறது. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கும் கணம் முதல் சென்றடைந்த இடத்தில் நிற்கும் கணம் வரையிலான முழு நேரத்தையே அட்டவணை குறிப்பதால், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், அனுமதிக்குக் காத்திருப்பதும், எதிர்பாராத தாமதத்துக்கென ஒதுக்கிய சில நிமிடங்களும் அதில் அடங்குகின்றன. மேலேறும்போது வேகம் மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் அளவிலேயே இருக்க, இறங்கும்போது அது படிப்படியாகக் குறைந்து, ஓடுபாதையை நெருங்குகையில் 200 கிலோமீட்டரை ஒட்டி வந்துவிடுகிறது. குறுகிய வழியில் பயணத்தின் பெரும்பகுதி ஏற்றமும் இறக்கமுமாகவே கழிவதால், முழு வேகத்தில் பறக்கும் நேரம் மிகச் சொற்பம். நெடுவழியில் மணிக்கணக்கில் வேறுபாடு உண்டாக்கக்கூடிய காற்றும் இங்கே ஓரிரு நிமிடங்களையே கூட்டவோ குறைக்கவோ செய்யும். 2006 முதல் இலங்கையும் இந்தியாவும் ஒரே நேரக் கணக்கைப் பின்பற்றுவதால், பயணச்சீட்டிலுள்ள இரு நேரங்களைக் கழித்தாலே பயண நேரம் கிடைத்துவிடும்.

நேரடிச் சேவையின் உண்மையான மதிப்பு, அது இல்லாத காலத்தோடு ஒப்பிடும்போதுதான் விளங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு வர விரும்பியவர் தரைவழியாகச் சுமார் 400 கிலோமீட்டர் தெற்கே கொழும்புக்குப் போய், அதையடுத்த கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விமானம் ஏறி, மீண்டும் 400 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே பறக்க வேண்டியிருந்தது. 184 கிலோமீட்டர் வழி அதனால் 800 கிலோமீட்டரைத் தாண்டியது. இத்தனைக்கும், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்த பலாலியைத் தொட்டே 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் சென்னைக்குப் பறந்தது. உள்நாட்டுப் போர் துண்டித்த அந்த இணைப்பு, பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியபோது மீண்டது. பின்னர் பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடியும் தொடர்ந்தது. எனவே, திருச்சி–பலாலி வழியில் வேகமான விமானத்தை விடுவதால் மிச்சமாகும் சில நிமிடங்களைவிட, சேவை இடையறாது நடைபெறுவதே இரு கரையிலும் உறவினரை உடைய குடும்பங்களுக்குப் பெரிதும் பயன்படும்.