வெடிமருந்து நிறுக்கும் மின்னணுத் தராசு

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் போட்டியாளர்களும் வேட்டையாடுவோரும் பலர், சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூடுகளில் மீண்டும் வெடிமருந்து நிரப்பித் தோட்டாவாக்குகின்றனர். அம்மருந்தை நிறுக்கச் சிறிய மின்னணுத் தராசு பயன்படுகிறது.

மருந்தின் எடை கிரெய்ன் என்னும் அலகில் கூறப்படும். தானிய மணியின் எடையிலிருந்து தோன்றிய இப்பழைய அலகு இன்று 64.79891 மில்லிகிராம் என வரையறுக்கப்பட்டுள்ளது. 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. இத்தராசுகள் பொதுவாக 0.1 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 6.5 மில்லிகிராம் வரை காட்டும். இவ்வளவு நுட்பம் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. மருந்து சற்றுக் கூடினாலும் துப்பாக்கியினுள் அழுத்தம் அதைவிட விரைவாக ஏறும், துப்பாக்கியே வெடிக்கக்கூடும்.

தராசினுள் ஓர் உலோகத் தண்டு உள்ளது. தட்டில் எடை ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பியின் மின்தடை மாறுகிறது. அம்மாற்றமே திரையில் எண்ணாகிறது. ஆகவே மின்விசிறிக் காற்றும், அறை வெப்பமும், நிலைமின்னூட்டமும் எண்ணை அசைத்துவிடும். தராசை இயக்கிச் சிறிது நேரம் காத்திருந்து, எடை தெரிந்த படிக்கல்லால் சரிபார்ப்பது வழக்கம். படிக்கல் மருந்தின் எடையை ஒட்டியதாக இருத்தல் நல்லது. 50 கிராமில் சரியாகக் காட்டும் தராசு 2 கிராமில் பிழைபடலாம்.

கிராமையும் கிரெய்னையும் குழப்பினால் பிழை 15 மடங்கு. பெரும்பாலும் கண்ணே அதைக் காட்டிக்கொடுத்துவிடும், அவ்வளவு மருந்து கூட்டில் கொள்ளாது. கண்ணுக்குத் தப்புவது, சுழியம் மெல்ல நகர்வதால் வரும் சிறு பிழைதான். வெற்றுத் தட்டை வைத்துச் சுழியமாக்கியபின் தட்டை எடுத்தால் ஒரு குறை எண் தோன்றும். அனுபவமுள்ளோர் அதைக் குறித்துக்கொள்வர். வேலையிடையே தட்டை எடுக்கும்போது அவ்வெண் மாறியிருந்தால், முந்தைய சரிபார்ப்புக்குப் பின் நிரப்பியவற்றை ஒதுக்கிவைத்து மீண்டும் நிறுப்பர்.