இயக்குதள இற்றைப்படுத்தலும் ஒளிப்படத் தொகுப்பு மென்பொருளின் செயல்திறனும்

கணினியின் இயக்குதளம் இற்றைப்படுத்தப்படும்போது, அதில் இயங்கும் ஒளிப்படத் தொகுப்பு மென்பொருளின் வேகமும் நிலைத்தன்மையும் மாறக்கூடும். போட்டோசாப், லைட்ரூம், கிம்ப் போன்ற மென்பொருள்கள் நினைவகம், வரைகலைச் செயலி, எழுத்துருக்கள் ஆகியவற்றை இயக்குதளத்தின் வழியாகவே பெறுகின்றன. எனவே மென்பொருளில் எந்த மாற்றமும் செய்யாதபோதும் அதன் செயல்பாடு மாறுவதுண்டு. விண்டோசு 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்ததால், பழைய கணினிகளை வைத்துத் தொழில் செய்யும் சிறு ஸ்டூடியோக்களுக்கு இது முதன்மையான சிக்கலாகியுள்ளது.

நினைவகம்

திருமண ஆல்பத்தின் 12×36 அங்குலத் தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் வடிவமைப்பதாகக் கொள்வோம். அதில் 3600×10800, அதாவது ஏறத்தாழ 3.9 கோடி படப்புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளிக்கு 3 பைட்டு என்றால் ஓர் அடுக்குக்கு மட்டும் சுமார் 117 மெகாபைட்டு தேவை. தாள் முழுவதையும் நிரப்பும் பத்து அடுக்குகள் சேர்ந்தால் 1.1 கிகாபைட்டைத் தாண்டிவிடும்.

64 பிட்டு விண்டோசு 10-க்குக் குறைந்தது 2 கிகாபைட்டு நினைவகம் போதும். விண்டோசு 11-க்கு 4 கிகாபைட்டு தேவை. புதிய இயக்குதளம் கூடுதல் இடத்தை எடுத்துக்கொண்டால் மென்பொருளுக்குக் கிடைக்கும் பங்கு குறைகிறது. அப்போது போட்டோசாப் வன்தட்டைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்துகிறது. வன்தட்டு நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. கணினி அடிக்கடி நின்று நின்று இயங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வரைகலைச் செயலி

படத்தைப் பெரிதாக்குதல், மங்கலாக்குதல் போன்ற பணிகளில் பலவற்றை வரைகலைச் செயலி செய்கிறது. அதற்கும் இயக்குதளத்துக்கும் இடையே பாலமாக இருப்பது இயக்கி எனப்படும் சிறு மென்பொருள். இற்றைப்படுத்தலின்போது இந்த இயக்கியும் மாற்றப்படலாம். புதிய இயக்கி பொருந்தாவிட்டால் திரை கறுப்பாதல், மென்பொருள் திடீரென மூடிக்கொள்ளுதல் போன்றவை நிகழும். செயலி உற்பத்தியாளரின் தளத்திலிருந்து உரிய இயக்கியை நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பாதுகாப்புத் திருத்தங்கள்

2018 சனவரியில் மெல்ட்டவுன், இசுபெக்டர் என்ற செயலிக் குறைபாடுகள் வெளியாயின. இவற்றுக்கான திருத்தங்களால் பழைய செயலிகளில், குறிப்பாக விண்டோசு 7, 8 இயங்கிய கணினிகளில், வேகக் குறைவு தெரியக்கூடும் என்று மைக்ரோசாப்டு அறிவித்தது. எனினும் இத்திருத்தங்களைத் தவிர்ப்பது தீர்வாகாது. பாதுகாப்பற்ற கணினியில் பணயத் தீநிரல் புகுந்தால் வாடிக்கையாளரின் படங்கள் அனைத்தும் பறிபோகலாம்.

பழைய மென்பொருள்

2019 அக்டோபரில் வெளியான மேக் இயக்குதளமான கேட்டலினா, 32 பிட்டு மென்பொருள்களை ஏற்கவில்லை. நிறுவும் நிரல் போன்ற பகுதிகள் 32 பிட்டாக இருந்த பழைய அடோபி பதிப்புகள் இதனால் சிக்கலுக்குள்ளாயின. மாற்றம் நன்மையாக அமைந்ததும் உண்டு. ஆப்பிளின் எம்1 செயலிக்கென்றே 2021 மார்ச்சில் வெளியான போட்டோசாப் பதிப்பு, மொழிபெயர்ப்பு அடுக்கின் வழியே இயங்கிய முந்தைய பதிப்பைவிட விரைவாக இயங்கியது.

எல்லைப் பகுதியும் எழுத்துருக்களும்

கர்நாடக எல்லையில் உள்ள ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அண்டைப் பகுதிகளிலும் தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் பேசப்படுகின்றன. இத்தகைய ஊரில் அழைப்பிதழும் பேனரும் வடிவமைப்பவருக்குப் பல மொழி எழுத்துருக்கள் தேவை. பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் தமிழ் வரிகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். இயக்குதளத்தைப் புதிதாக நிறுவும்போது எழுத்துருக் கோப்புகளைத் தனியே சேமிக்க மறந்தவர்களுக்கு நேர்வது இதுவே.

விண்டோசு 11 64 பிட்டு வடிவில் மட்டுமே கிடைக்கிறது. எனவே மிகப் பழைய 16 பிட்டு தட்டச்சு நிரல்கள் அதில் இயங்கா. புதிய வடிவமைப்புகளை ஒருங்குறியில் செய்வது நீண்ட காலத்துக்குப் பயன்தரும்.

இற்றைப்படுத்தும் முன்

• முகூர்த்த மாதங்களில், ஒப்படைக்க வேண்டிய பணி கையில் இருக்கும்போது பெரிய மாற்றம் செய்யாதிருத்தல். இற்றைப்படுத்தலைச் சில வாரங்கள் தள்ளிவைக்க விண்டோசில் வசதி உண்டு.
• படங்கள், எழுத்துருக்கள், மென்பொருள் அமைப்புகள் ஆகியவற்றை வெளி வன்தட்டில் படியெடுத்தல்.
• விண்டோசு 11-க்குத் தேவையான டிபிஎம் 2.0 வசதியும் ஏற்கப்பட்ட செயலியும் கணினியில் உள்ளனவா எனப் பார்த்தல்.
• மாற்றியபின் ஒரே கோப்பைத் திறந்து, சேமித்து, ஆகும் நேரத்தை முன்பு குறித்த நேரத்தோடு ஒப்பிடுதல். முதல் சில மணி நேரம் பின்னணிப் பணிகளால் வேகம் குறைவது இயல்பு.
• குறை நீடித்தால் 10 நாட்களுக்குள் முந்தைய விண்டோசுக்குத் திரும்புதல்.

மாற்று வழி

புதிய விண்டோசை ஏற்காத கணினிகளில் லினக்சை நிறுவிக் கட்டற்ற மென்பொருளான கிம்ப்பைப் பயன்படுத்தலாம். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக, இந்திய லினக்சான பாஸ் மாணவர்கள் பலருக்கு அறிமுகமானது. கிம்ப் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வெளிவந்தது. அது ஒருங்குறித் தமிழைச் சரியாகக் காட்டும். ஆனால் போட்டோசாப் கோப்புகள் அனைத்தும் அதில் பிசகின்றித் திறக்கும் என எதிர்பார்க்க இயலாது. ஆகவே ஓரிரு பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தபின் முடிவெடுப்பது நல்லது.