கோபுரத்தைக் கழுவும் முறை எது? திருப்பணிக்கு முன் ஆலய நிர்வாகங்கள் ஆராய வேண்டியவை

கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பது ஆன்றோர் வாக்கு. ஆலயத்தினுள் செல்ல இயலாதோரும் வீதியில் நின்றவாறே கைகூப்பி வணங்குவது இராஜகோபுரத்தைத்தான். அக்கோபுரத்தில் கரும்பாசி படர்ந்து, தெய்வத் திருவுருவங்களின் முகங்கள் கண்ணீர் வடித்தாற்போல் கோடு கோடாகக் கறுத்திருப்பதைக் காணும் மெய்யன்பர்கள் மனம் வருந்துவது இயல்பே. “திருவிழாவுக்கு முன் ஒரு முறை கழுவிவிடலாமே” என்ற குரல் நிர்வாகக் கூட்டங்களில் எழுவதும் இயல்பே. ஆனால் எதைக் கொண்டு கழுவுவது, எவ்வாறு கழுவுவது என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே.

கோலாலம்பூரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,400 மில்லி மீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வது 1,400 மில்லி மீட்டர் அளவே. தமிழகத்தில் சுவர் நனைந்தால் காய்வதற்கு மாதக்கணக்கில் வெயில் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கிலோ ஒரு மழை காய்வதற்குள் மறு மழை வந்துவிடுகிறது. ஈரம் நீங்காத சுவரில் பாசியும் பூஞ்சணமும் குடியேறுகின்றன. நெரிசல் மிக்க பிரிக்பீல்ட்ஸ் வீதிகளில் வாகனப் புகை அதன்மேல் படிகிறது; கிள்ளான் துறைமுகத்தை அடுத்த ஆலயங்களுக்குக் கடற்காற்றின் உப்பும் வந்து சேர்கிறது. ஆகவே தமிழகத்தில் கண்ட முறையை இங்கு அப்படியே கையாள்வது பொருந்தாது.

சுவரைக் கழுவுமுன் அச்சுவர் எதனால் ஆனது என்பதை அறிதல் வேண்டும். பண்டைய சுதை வேலை சுண்ணாம்பு, மணல், கடுக்காய் நீர், பனைவெல்லம் ஆகியவற்றைக் குழைத்துச் செய்யப்பட்டது. நம் நாட்டில் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் எழுந்த கோபுரங்களோ பெரும்பாலும் செங்கல்லும் சிமெண்டும் கொண்டவை. தலைநகரின் ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் 1873இல் தோன்றியது; 1885இல் இன்றைய இடத்திற்கு வந்தது; இப்போதைய கட்டிடம் 1968இல் எழுந்தது. அதன் ஐந்து நிலை இராஜகோபுரம் 75 அடி உயரமுடையது. 228 திருவுருவங்களைத் தாங்கி நிற்பது. இத்தகைய கோபுரங்களில் நீட்டிய கை, ஏந்திய வேல், விரித்த தோகை ஆகியவை உள்ளே ஓர் இரும்புக் கம்பியின் பலத்தில்தான் நிற்கின்றன. மேற்பூச்சில் மயிரிழை வெடிப்பு ஏற்பட்டு நீர் உள்ளே புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும். துருவேறிய இரும்பு பருக்கும். பருத்தால் சிமெண்டைப் பிளக்கும். சில ஆண்டுகளில் விரல் உதிரும், பின்னர் கையே விழும்.

இதனால்தான் வாகனம் கழுவும் அழுத்த நீர் இயந்திரத்தைக் கோபுரத்தின்மேல் திருப்புவது ஆபத்தானது. ஒரு நாள் வாடகை சொற்பம், ஒரே பகலில் கோபுரம் பளிச்சிடும், காண்போர் மகிழ்வர். ஆனால் சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டு அழுத்தத்தில் பாயும் நீர், பாசியோடு வண்ணத்தையும், வண்ணத்தோடு பூச்சின் மேற்தோலையும் பெயர்த்துவிடும். வெடிப்புகளின் வழியே நீரை உள்ளே செலுத்தும். தோல் இழந்த சொரசொரப்பான சுவரில் அடுத்த பாசி முன்னிலும் விரைவாகப் படியும். தளவரிசைக்கும், கருங்கல் படிக்கட்டுக்கும், வாகன நிறுத்துமிடத்துக்கும் அந்த இயந்திரம் ஏற்றதே. திருவுருவங்களுக்கு அன்று.

கல் சுவராயினும் வன்முறை ஆகாது. தமிழகத் திருக்கோயில்களில் கருங்கல் சுவர்களின் எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய சுண்ணாம்புப் பூச்சையும் நீக்க, ‘சாண்ட் பிளாஸ்டிங்’ எனப்படும் மணல் வீச்சு முறை ஒரு காலத்தில் பரவலாகக் கையாளப்பட்டது. கல் புதிதாகத் தோன்றியது உண்மைதான். ஆனால் நூற்றாண்டுகள் வாழ்ந்த கல்வெட்டு எழுத்துகளின் விளிம்புகள் மழுங்கின. சிற்பங்களின் நுண்ணிய அணிகலன்கள் தேய்ந்தன. கல்வெட்டறிஞர்களும் பக்தர்களும் எதிர்த்துக் குரல் எழுப்பியபின் அம்முறை தடை செய்யப்பட்டது. பழங்கோயில்களின் பாதுகாப்புக் குறித்து 2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் 75 கட்டளைகளைப் பிறப்பிக்கும் அளவுக்கு இப்பிரச்சினை முற்றியது. தேய்ந்த எழுத்தை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தர இயலாது.

அப்படியானால் செய்யத் தக்கது யாது? முதலில் பாசியைக் கொல்ல வேண்டும், பிறகே நீக்க வேண்டும். உயிருள்ள பாசியைத் தேய்த்தால் அதன் வித்துகள் சுவரெங்கும் பரவும். பென்சால்கோனியம் குளோரைடு கலந்த பாசிக்கொல்லியை, தயாரிப்பாளர் குறித்த அளவில் நீரில் கலந்து, மழையில்லாத நாளில் கைத்தெளிப்பானால் தெளிக்கலாம். கீழிருந்து மேலாகத் தெளித்தால் வடிந்த கோடுகள் படியா. சில நாட்களில் பாசி பழுப்பேறிக் காய்ந்துவிடும். அதன்பின் நைலான் தூரிகையாலோ தென்னை நார்த் தூரிகையாலோ மெல்லத் தேய்த்து, குழாய் நீரின் இயல்பான அழுத்தத்தில் மேலிருந்து கீழாக அலச வேண்டும். இரும்புத் தூரிகை கூடாது. அதன் துகள்கள் சுவரில் தங்கித் துருக்கறையாக மாறும். பணி தொடங்குமுன் துளசி மாடத்தையும் தல விருட்சத்தையும் மூடி வைப்பது அவசியம்.

வீட்டில் துணி வெளுக்கும் குளோராக்ஸ் போன்ற திரவத்தைப் பலர் பரிந்துரைப்பர். அது ஒரு மணி நேரத்தில் வெண்மை தரும் என்பது மெய்யே. ஆனால் அது விட்டுச் செல்லும் உப்பு சுவருக்குள் இறங்கி, மேலே கூறிய கம்பிகளை அரிக்கும். தரை ஓடு கழுவும் அமிலமோ சுண்ணாம்பையும் சிமெண்டையும் கரைத்துவிடும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும். சாரத்தின்மேல் நிற்கும் தொழிலாளியின் உயிருக்கே அது உலையாகும்.

தேங்காய் உடைக்கும் இடத்திலும் விளக்கு மாடத்தைச் சுற்றியும் ஊறிய எண்ணெய்க் கறைக்கு வேறொரு வழி உண்டு. ஆக்ராவின் தாஜ்மகால் பளிங்கில் படிந்த மஞ்சள் கறையை இந்தியத் தொல்லியல் துறை முல்தானி மண் குழம்பைக் கொண்டே நீக்கி வருகிறது. நம் தாய்மார்கள் முகத்தில் பூசும் அதே மண்தான். குழம்பைத் தடவி, காயவிட்டு, பின்னர் கழுவினால் மண் அழுக்கை உறிஞ்சிக்கொண்டு வந்துவிடுகிறது. கருங்கல்லில் ஊறிய எண்ணெய்க்கும் இத்தகைய மண்பற்று பொருந்தும். ஒரே முறையில் போகாது, இரண்டு மூன்று முறை பொறுமையாகச் செய்தல் வேண்டும்.

எம்முறையாயினும், பின்புறச் சுவரில் ஒரு முழச் சதுர இடத்தில் சோதித்துப் பார்த்து, நன்கு காய்ந்தபின் ஸ்தபதியிடம் காட்டி ஒப்புதல் பெறுவது நன்று. ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிட வேண்டும். மிகக் குறைந்த விலை கூறியவருக்கே பணியைத் தருவது பொதுப்பணத்தைக் காப்பதாகத் தோன்றும். ஒரு திருவுருவத்தை மீண்டும் வார்க்கத் தமிழகத்திலிருந்து சிற்பிகளை வரவழைக்கும் செலவை எண்ணினால் கணக்கு மாறும்.

கறை எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே இடம் மட்டும் திரும்பத் திரும்பக் கறுத்தால், அதற்கு மேலே ஒரு நீர்த்தூம்பு அடைபட்டிருக்கும். தூம்பைச் சீர் செய்யாமல் சுவரை எத்தனை முறை கழுவியும் பயனில்லை. இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடித்து இழுப்பதும் தவறு. வேரோடு செங்கல்லும் பெயர்ந்து வரும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் மடிந்தபின் இடுக்கை அடைக்க வேண்டும்.

காலமும் முக்கியம். தைப்பூசத்துக்கெனக் கார்த்திகை, மார்கழியில் சாரம் கட்டினால் மழையோடு போராட நேரும். ஒப்புநோக்க மழை குறைந்தவை ஜூன், ஜூலை மாதங்கள். அம்மன் ஆலயங்களுக்கு ஆடித் திருவிழா குறுக்கிடுவதால் ஆனி மாதமே உகந்தது. வெறும் கழுவுதலா, திருவுருவங்களைச் செப்பனிடும் திருப்பணியா, பாலாலயம் வேண்டுமா என்பதைச் சிவாச்சாரியாரோ பட்டாச்சாரியாரோ ஆகமப்படி முடிவு செய்வர். அரசு விதிகளும் உண்டு. 2018இல் பத்துமலையின் 272 படிகளுக்கு வண்ணம் தீட்டியபோது, முன் அனுமதி பெறப்படவில்லை என்று தேசியப் பாரம்பரியத் துறை வினா எழுப்பியதை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

சாரம் கட்டிய முதல் நாளிலேயே ஒவ்வொரு திருவுருவத்தையும் அருகிலிருந்து புகைப்படம் எடுத்து எண்ணிட்டு வைத்தல் நலம். கழுவும்போது உதிரும் துண்டு எதுவாயினும், எந்த நிலை, எந்த உருவம் என்று குறித்த உறையில் இட்டு, ஸ்தபதி வரும்வரை அலுவலக அலமாரியில் பத்திரப்படுத்தப்பட வேண்டும்.