எல்லாம் ஆஃப்... மீட்டர் மட்டும் ஆன்!

“கொடியில துணி போடறப்ப கையில ஜிவ்வுன்னு இழுக்குதுடி. உடம்புல ரத்தம் கம்மியாயிடுச்சோ என்னமோ... ஒரு நாள் டாக்டர்கிட்ட காட்டணும்!”

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போன அன்னிக்கு, தட்டுல சோறு போட்டுக்கிட்டே அம்மா சொன்னது இது. “கீரை நிறைய சாப்பிடும்மா” என்று அட்வைஸை அள்ளி வீசிவிட்டு நான் மொபைலில் மூழ்கிவிட்டேன். இதுல கொடுமை என்னன்னா, நான் படிக்கிறது ட்ரிபிள் ஈ... அதுவும் மூணாவது வருஷம்!

உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போனால் வரும் சின்ன கிராமம் எங்களுடையது. மே மாசம், அக்னி நட்சத்திரம், ஏரி பூரா வெடிப்பு. அந்தச் சமயம் பார்த்து கரண்ட் பில் வந்தது. ரெண்டு மாசத்துக்கு 512 யூனிட்! அப்பாவுக்கு பி.பி. எகிறிவிட்டது.

அவர் கோபத்துக்கும் காரணம் இருக்கு பாஸ். 500 என்பது சும்மா ஒரு நம்பர் இல்லை. 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டணத்தையே எடுத்துக்கங்க. 500 யூனிட்டுக்குள்ள அடங்குற வீட்டுக்கு 101-லிருந்து 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அதே நூறு யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. அதாவது, 501-வது யூனிட் எரிஞ்ச மாத்திரத்தில் 225 ரூபாய் கோவிந்தா! அதுக்கப்புறம் ரேட்டெல்லாம் மாறியிருக்கு. ஆனா அந்தக் கோட்டைத் தாண்டினா வலிக்கும்ங்கிற பயம் எங்க வீட்டில் அப்படியே இருக்கு.

“ராத்திரி பூரா ஏ.சி. போட்டுக்கிட்டுப் படுக்கறது யாரு?” என்று அப்பா தம்பியை முறைக்க, “ஆயாவுக்குத்தாம்பா போட்டேன்” என்று அவன் ஆயாவைக் கைகாட்ட, ஆயா ஒண்ணும் தெரியாத மாதிரி வெத்தலை மென்னுக்கிட்டிருந்தாங்க. பஞ்சாயத்து முத்திப் போச்சு. ‘சரி, யார்தான் திருடன்னு கண்டுபிடிப்போம்’ என்று களத்தில் குதித்தேன். லேப்ல எங்க சார் எப்பவோ சொன்ன ஒரு சிம்பிள் டெஸ்ட்தான். வீட்ல இருக்கிற எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணணும். ஃப்ரிட்ஜ், டி.வி., சார்ஜர், செட்டாப் பாக்ஸ்னு எல்லா ப்ளக்கையும் பிடுங்கணும். மெயினை மட்டும் ஆன்லயே விட்டுட்டு மீட்டர் முன்னால நிக்கணும். டிஜிட்டல் மீட்டர்ல ஒரு குட்டி சிவப்பு லைட் இருக்கும். கரண்ட் ஓட ஓட அது சிமிட்டும். வீட்ல எதுவுமே ஓடலைன்னா அதுவும் தூங்கணும்.

குடும்பமே மீட்டர் பெட்டி முன்னால நின்னோம். பத்து செகண்ட்... இருபது... முப்பது...

“பாரு பாரு... கண்ணடிக்குதுடி!” என்று முதலில் கூவியது ஆயாதான்.

மொபைலில் ஸ்டாப் வாட்ச் போட்டேன். அடுத்த சிமிட்டல் சரியாக ஐம்பது செகண்ட் கழித்து. எங்க மீட்டர் மேல ‘3200’ என்று அச்சடித்திருக்கிறது. 3200 தடவை சிமிட்டினா ஒரு யூனிட்னு அர்த்தம். ஐம்பது செகண்டுக்கு ஒண்ணுன்னா மணிக்கு 72 தடவை. கணக்குப் போட்டா சுமார் 22 வாட்ஸ். ‘ப்பூ... ஒரு எல்.இ.டி. ட்யூப்லைட் அளவுதானே’ன்னு தோணுதா? இது ராத்திரி பகல் லீவே இல்லாம ஓடுது. ரெண்டு மாசத்துக்கு 32 யூனிட். 512-ல 32 போனா 480! தம்பி பக்கத்துலயே விசில் அடிச்சான். ஏ.சி. நிரபராதின்னு சொல்ல முடியாது. ஆனா எங்களை 500-க்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது, யாருமே போடாத ஒரு லோடு.

அது எங்கே போகுது? எனக்கு உள்ளுக்குள் லேசா உதற ஆரம்பித்தது. சுவிட்ச் எல்லாம் ஆஃப்ல இருக்கும்போது கரண்ட் ஓடுதுன்னா, எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம்.

“நீ எதையும் நோண்டாத. வயர்மேனைக் கூப்பிடறேன்” என்றார் அப்பா. பொண்ணு ட்ரிபிள் ஈ படிக்கிறதுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்! ஆனா அன்னிக்கு அவர் சொன்னதுதான் கரெக்ட். இந்த டெஸ்ட்டில் நம்ம வேலை மீட்டரைப் பார்க்கிறதோட முடிஞ்சுது. அதுக்கு மேல லைசென்ஸ் இருக்கிற ஆள்தான் கை வைக்கணும்.

வயர்மேன் அண்ணா வந்தார். ஒவ்வொரு தடவையும் மெயினை ஆஃப் பண்ணி, ஒரு ஃபீஸ் கட்டையைப் பிடுங்கி, மறுபடி ஆன் பண்ணி, மீட்டரைப் பார்த்தார். மூணாவது கட்டையைப் பிடுங்கினதும் சிமிட்டல் நின்னுது. அது பின்பக்கம், பாத்ரூமுக்கும் மோட்டாருக்கும் போற லைன். வீட்டுக்குப் பின்னால் சுவரோரமா ஒரு இரும்புக் குழாய்க்குள்ளதான் அந்த வயர் போகுது. கட்டையைத் திரும்பச் செருகி, குழாய் மேல டெஸ்டரை வெச்சார். எரிஞ்சுது. வருஷக்கணக்கா வெயில்ல காய்ஞ்சு, குழாயோட வாயில உரசி உரசி வயர் மேல் தோல் போயிருந்தது.

அண்ணா மெதுவா நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குழாயிலிருந்து முருங்கை மரம் வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தது... அம்மா துணி காயப் போடற கொடிக் கம்பி.

அதிலும் டெஸ்டரை வெச்சார். எரிஞ்சுது.

யாரும் பேசலை. அம்மா ஈரத் துணி பக்கெட்டோட வாசப்படியிலயே நின்னுட்டாங்க. நான் பார்த்தது அவங்க காலை. தேஞ்சுபோன ரப்பர் செருப்பு. ‘வெயில்ல தரை சுடுதே’ன்னு போட்டுக்கிட்டது. மழைக்காலமா இருந்து, வெறுங்காலோட ஈரத் தரையில நின்னு கம்பியைத் தொட்டிருந்தா... அயர்ன் டானிக் வாங்கிக் குடிங்கிற ரேஞ்சுல அட்வைஸ் பண்ணினவளுக்கு அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலை.

“ஏண்ணா, இவ்ளோ நடந்தும் ஃபீஸ் ஏன் போகலை?” என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஃபீஸும் சரி, இப்போ புது வீடுகளில் இருக்கிற எம்.சி.பி.யும் சரி, வயரைக் காப்பாத்த வந்தவை. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், கரண்ட் 16,000 மில்லி ஆம்பியரைத் தாண்டினால்தான் அதுக்குக் கோபமே வரும். ஒரு ஆளோட உடம்பு 230 வோல்ட்டைத் தொட்டா ஓடுறது தோராயமா 150 மில்லி ஆம்பியர். ஆளைச் சாய்க்க அது தாராளம். எம்.சி.பி.க்கு அது கொசுக்கடி மாதிரி!

குழாய்க்கு ஒழுங்கான எர்த் இருந்திருந்தா கதையே வேற. கசிஞ்ச கரண்ட் மொத்தமா மண்ணுக்குள்ள பாய்ஞ்சு, அந்த வேகத்துல ஃபீஸ் போயிருக்கும். “நம்ம வீட்டு எர்த் எங்கண்ணா?” என்று கேட்டேன். மெயினை ஆஃப் பண்ணிட்டுத் தேடினோம். மீட்டர் பெட்டிக்குக் கீழே ஒரு பச்சை வயர் சுவரோரமா இறங்கி மண்ணுக்குள்ள போச்சு. லேசா இழுத்தேன். கையோட வந்துடுச்சு! அரையடி நீளம், முனையில துரு. அவ்வளவுதான் எங்க எர்த்.

‘எர்த்திங் படம் வரைந்து விளக்குக’ன்னு கேட்டா உப்பு, கரி, ஜி.ஐ. பைப்னு எல்லாம் போட்டு 16 மார்க் கேள்விக்கு நாலு பக்கம் எழுதறவ நான். எங்க வீட்டு எர்த் குழி எங்க இருக்குன்னு அதுவரைக்கும் ஒரு தடவை கூட கேட்டதில்லை. ஹாஸ்டல் ஃப்ரெண்ட்ஸ் ஏழு பேருக்கு மெசேஜ் தட்டினேன், ‘உங்க வீட்டு எர்த் குழி எங்க?’ன்னு. ஒருத்திக்குத்தான் தெரிஞ்சிருந்தது, அவங்கப்பா லைன்மேன்!

யார் மேலயும் பழி போட முடியலை. ஆயா குடித்தனம் பண்ணினது கூரை வீடு. குடிசைக்கு ஒரு விளக்குன்னு அரசாங்கம் இலவசமா கரண்ட் கொடுத்த காலம், ஒரே ஒரு 40 வாட்ஸ் பல்பு. அப்புறம் டி.வி. வந்தது. 2011-ல ஆரம்பிச்ச திட்டத்தில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் மூணும் வீடு தேடி வந்தது. கூரை போய் தளம் வந்தது, ஃப்ரிட்ஜ் வந்தது, மோட்டார் வந்தது, போன வருஷம் ஏ.சி.யும் வந்தது. ஒவ்வொண்ணு வரும்போதும் ஒரு வயரை இழுத்து ஒட்டினோமே தவிர, மண்ணுக்குள்ள போறதைப் பத்தி யாரும் நினைக்கலை.

“கோடையிலதான் பாப்பா இது டேஞ்சர்” என்றார் அண்ணா, வேர்வையைத் துடைச்சுக்கிட்டே. “ஈர மண்ணுலதான் கரண்ட் இறங்கும். மழைக்காலத்துல அரைகுறை எர்த்து கூட ஏதோ ஓடிடும். மே மாசத்துல நம்ம மண்ணைப் பாரு, ஓடு மாதிரி கிடக்கு. ஃபேன், ஏ.சி.ன்னு லோடு ஏர்றதும் இப்பதான், எர்த்து செத்துப் போறதும் இப்பதான்.” எந்தப் புரொபசரும் இவ்ளோ அழகா சொல்லித் தரலை சார்!

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைக் கல்வெட்டு இருக்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். முதலாம் பராந்தகன் காலம், 919 மற்றும் 921-ம் வருஷத்துக் கல்வெட்டுகள். அதில் ஏரி வாரியம்னு ஒண்ணு வருது. ஏரியைக் கவனிச்சுக்கன்னே ஊர் கூடி ஆள் போட்டிருக்காங்க. ஆயிரம் வருஷம் முன்னாடியே கசிவைப் பார்க்க ஆள் இருந்த ஊர்ல, எங்க வீட்டு அரையடி வயரைப் பார்க்க ஆள் இல்லைன்னு நினைச்சப்போ கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்தது.

மறுநாள் வேலை ஆரம்பம். இரும்புக் குழாய் போய் பி.வி.சி. பைப் வந்தது. கொடிக் கம்பி இருந்த இடத்துல நைலான் கயிறு, அதுவும் மரத்துக்கு மரம். குழி தோண்டி பைப் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி நிஜமான எர்த் போட்டார் அண்ணா. கடைசியா, நான் அடம்பிடிச்சு வாங்க வெச்ச ஐட்டம்... 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒரு நல்ல மிக்ஸி விலைகூட இல்லை.

இது என்ன பண்ணும்? பட்டியிலிருந்து காலையில மேயப் போன ஆடு எத்தனையோ, சாயங்காலம் அத்தனையும் திரும்பணும் இல்லையா? அதே கணக்குதான். வீட்டுக்குள்ள போற கரண்டையும் திரும்பி வர்ற கரண்டையும் இது எண்ணிக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைஞ்சாலும், ‘யாரோ நடுவுல இருக்காங்க’ன்னு கண் சிமிட்டுற நேரத்துல லைனை வெட்டிடும். வீடுகளுக்கு இது வேணும்னு தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமே விதியில் சேர்த்திருக்கு. முகப்பில் ‘டி’ன்னு ஒரு பட்டன் இருக்கும். மாசம் ஒரு தடவை அமுக்கினா பொட்டுன்னு கட் ஆகணும். ஆகலைன்னா மாத்தணும்.

மாட்டின மறுநாளே தகராறு. காலையில ரெண்டு தடவை வீடே இருட்டு. “இதுக்குத்தான் வேணாம்னேன். பிடுங்கிப் போடு!” என்றார் அப்பா. நிறைய வீடுகளில் இந்த இடத்தில்தான் அதைக் கழட்டி நேர் லைன் கொடுத்துடறாங்க. நான் விடலை. எதைப் போடறப்ப கட் ஆகுதுன்னு பார்த்தா, கிரைண்டர்! “அது எப்பவுமே லேசா அடிக்கும். நான் பலகை மேல நின்னுதான் மாவு ஆட்டுவேன்” என்றார் அம்மா, ரொம்ப சாதாரணமா. இத்தனை வருஷமா! ஷாக் அடிக்கிற மெஷினை ரிப்பேருக்குக் கொடுக்காம, பலகை போட்டுச் சமாளிச்சிருக்காங்க. நம்ம வீடுகளில் அம்மாக்களைக் கேட்டுப் பாருங்க, இந்த மாதிரி ‘லேசா’ அடிக்கிற ஐட்டம் ஒண்ணாவது இருக்கும்.

மத்ததெல்லாம் சின்னச் சின்ன ரிப்பேர்தான். ஏ.சி. ப்ளக்கைத் தொட்டா சுட்டது. ஏழு ஆம்பியர் இழுக்கிற மெஷினை தம்பி ஆறு ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருந்தான்! அதுக்குத் தனி லைன், 16 ஆம்பியர் ப்ளக். 18-ல் வெச்சிருந்ததை 24-க்கு ஏத்தி, கூடவே ஃபேனையும் போட்டாச்சு. ஒரு டிகிரி ஏத்தினா சுமார் 6 சதவிகிதம் மிச்சம்னு மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு சொல்லுது. சாதா சீலிங் ஃபேன் 75 வாட்ஸ், பி.எல்.டி.சி. ஃபேன் முப்பது சொச்சம். தினம் 16 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துல ஒரு ஃபேனுக்கு நாற்பது யூனிட் மிச்சம். விலை கூடங்கிறதால இப்போதைக்கு ஆயா ரூமுக்கு மட்டும் ஒண்ணு சாங்ஷன் ஆகியிருக்கு.

மீட்டர் வரைக்கும் வர்ற சர்வீஸ் வயர் ஈ.பி.யோடது. அது தொங்கினாலோ அறுந்தாலோ கிட்டவே போகாம, 94987 94987-ங்கிற மின்னகம் நம்பருக்கு ஒரு போன் போடுங்க.

அடுத்த பில் இன்னும் வரலை. நேத்து போன் பண்ணினப்போ அம்மா சொன்னாங்க... புது எர்த் குழிக்கு ஆயா தினமும் காலையில துளசிக்கு ஊத்திட்டு மிச்ச தண்ணியைக் கொண்டுபோய் ஊத்தறாங்களாம். “அதுக்கும் ஈரம் வேணுமாமே, அந்த வயர்மேன் பையன் சொன்னான்” என்று பின்னாலிருந்து ஆயா குரல் கேட்டது.