ரெண்டு வைரமும் ஒரு தூசியும்

சாரல் சீசனில் குற்றாலம் மெயின் அருவிக்குத் தலையைக் கொடுத்தவர்களிடம் அழுத்தம் என்றால் என்னவென்று தோள்பட்டையே சொல்லும். அருவிக்குப் பின்னால் நிற்கும் பாறையைக் கேட்டால் சிரிக்கும்! அது ஒரு காலத்தில் சுமார் 20 கிலோமீட்டர் ஆழத்தில், காற்றழுத்தத்தைப்போல் 5,000 மடங்குக்கும் மேலான சுமையில் வெந்து கிடந்தது.

அந்தச் சுமையை மேசைமேல் வரவழைக்கிறவர்கள் இந்தூரில் இருக்கிறார்கள். ராஜா ராமண்ணா மையத்தின் இண்டஸ்-2 எந்திரம் 172 மீட்டர் சுற்றளவுள்ள வளையம். அதில் எலெக்ட்ரான்கள் ஒளியோடு போட்டி போட்டு ஓடும். காந்தம் வளைக்கும் இடத்தில் எக்ஸ்-கதிர் பீறிட்டுக் கிளம்பும். அந்தக் கதிரை ஆய்வு மேசைக்குக் கொண்டுவரும் பாதைகளில் (பீம்லைன்) பதினோராவது, அதிஅழுத்த ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஈயம் பதித்த கதவைச் சாத்துவதற்குள் எட்டிப் பார்த்துவிடுவோம், வாங்க!

இத்தனை தடபுடலும் ஒரு தூசிக்காக! உள்ளங்கையில் அடங்கும் உலோக உருளைக்குள், முனை மழுக்கிய இரண்டு வைரங்கள் எதிரெதிரே. நடுவில் ஒரு தகடு, அதில் 0.1 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை. ஆய்வுப் பொருளான அந்தத் தூசி, கொஞ்சம் ஆல்கஹால், ஒரு மாணிக்கத் துணுக்கு எல்லாம் அதற்குள். திருகை முறுக்கினால் அழுத்தம் ஏறும். லேசர் பட்டு ஒளிரும் மாணிக்கத்தின் சிவப்பு எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தே அழுத்தத்தைச் சொல்லிவிடுவார்கள். (1950களில் அமெரிக்காவில் இந்தக் கருவி பிறந்தபோது உதவியவை கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த வைரங்கள்!)

தூசியின் அணு அடுக்குகளில் பட்டுச் சிதறும் எக்ஸ்-கதிர் படத்தில் வளையங்களாக விழ வேண்டும். வடிவமைப்பாளருக்குத் தலைவலி இங்கேதான். சக்தி குறைந்த எக்ஸ்-கதிரை வைரமே விழுங்கிவிடும். கதிர் துளையின் விளிம்பைத் தொட்டால் தகட்டின் வளையங்களும் படத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் நெட்டாக ஒன்று, கிடையாக ஒன்று என இரண்டு வளைந்த கண்ணாடிகளை வைத்துக் கதிரைச் சுருக்குகிறார்கள். சிதறும் கதிர் வெளியேற, வைரத்தைத் தாங்கும் பீடத்தில் கூம்பாக வாய் திறக்க வேண்டும். அகலமாகத் திறந்தால் பீடம் தாங்காது. குறுக்கினால் பாதிச் சேதி உள்ளேயே நின்றுவிடும்.

இந்தத் துறையில் நம்மவர் ஒருவர் உண்டு. சி.வி.ராமனிடம் பணியாற்றி, பிறகு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்குப் போன ஏ. ஜெயராமன். 1970இல் அவரது குழு சமாரியம் சல்ஃபைடை அழுத்தியது. காற்றழுத்தத்தைப்போல் சுமார் 6,500 மடங்கைத் தொட்டதும் அது உலோகமாகிவிட்டது. கறுப்பு, பொன்னிறமாகிறது! எக்ஸ்-கதிரில் பார்த்தால் அணுக்களின் அடுக்கு மாறவில்லை. படிகம் மட்டும் படக்கென்று சுருங்க, படத்தின் வளையங்கள் வெளிப்பக்கம் துள்ளும்.

நகைக்கடைக்கு ஓடிவிடாதீர்கள். திருகைத் தளர்த்தினால் மறுபடி கறுப்புதான்.