வெயிலுக்கா, தண்ணீருக்கா?

நல்ல கோடை வெயில். கடலோரத்தில் தனியாக முகாமிட்டிருக்கும் ஒருவர், கயாக் படகோடு கடலில் இறங்கப் போகிறார். அவர் எதற்கு ஏற்ற உடை போட வேண்டும்? வெயிலுக்கா, தண்ணீருக்கா?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மான்டரே விரிகுடா இருக்கிறது. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள ஆர்.வி. வண்டியைக் கரையோர முகாமில் நிறுத்திவிட்டு, கடல் நீர்நாய்களைப் பார்த்தபடி துடுப்புப் போட அருமையான இடம். ஆனால் கோடையிலும் அங்கே கடல் சில்லென்றுதான் இருக்கும். வடமேற்குக் காற்று வீசும்போது மேல்நீர் கரையைவிட்டு விலகிப் போகிறது. அந்த இடத்துக்கு ஆழத்துக் குளிர்நீர் ஏறி வருகிறது. அதில் திடீரென்று விழுந்தால் நம்மையும் மீறி மூச்சு உள்ளே இழுக்கும். அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. "எனக்குத்தான் நன்றாக நீச்சல் தெரியுமே" என்பீர்கள். மூச்சு கட்டுக்குள் வந்தால்தானே கைகால் சொன்னபடி கேட்கும்! அதுவரை தலையை மேலே வைத்திருப்பது லைஃப் ஜாக்கெட்தான். குளிரிலிருந்து உடலைக் காக்க வெட்சூட் என்ற உடையும் வேண்டும். "வெயிலில் வெட்சூட் போட்டால் வியர்த்துக் கொட்டுமே" என்பது நியாயமான கேள்வி. வியர்த்தால் கடல்நீரை அள்ளித் தெளித்துக்கொள்ளலாம். ஆனால் குளிர்நீரில் உடல் விறைத்துப்போனால், தனியாகப் போனவரைத் தூக்கிவிட யார் இருக்கிறார்கள்? அதனால் கயாக்கில் ஏறுபவர்களே, தண்ணீருக்கு ஏற்றபடி வெட்சூட், லைஃப் ஜாக்கெட் இரண்டையும் கரையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். படகு கவிழ்ந்த பிறகு போடுவது மிகவும் கடினம்.