எண்ணெய்க் கிணற்றில் ஏறி வருவது எண்ணெய் மட்டும்தானா?

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் காலில் தட்டுப்படும். சாத்தனூரில் ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது. அரியலூர் வரை நீளும் இந்தக் கிரெட்டேசியஸ் பாறைகள் கிழக்கே சரிந்து காவிரி டெல்டாவுக்கு அடியில் புதைகின்றன. காவிரிப் படுகை எனப்படும் இந்தப் பாறை அடுக்குகளில்தான் நரிமணம், குத்தாலம் பக்கத்து ஓஎன்ஜிசி கிணறுகள் இருக்கின்றன.

கிணற்றில் எண்ணெயோடு வாயுவும் தண்ணீரும் வரும். ஆழத்தில் அழுத்தம் வாயுவை எண்ணெயில் கரைத்து வைத்திருக்கும். மேலே வர வர, சோடா மூடியைத் திறந்ததுபோல அது பொங்கும். முதலில் சிறு குமிழிகள். அவை கூடிக் குழாயை நிறைக்கும் பெருங்குமிழிகளாகும். வாயு இன்னும் பெருகினால் திரவம் குழாய்ச் சுவரை ஒட்டிய படலமாகிவிடும்.

வாயு திரவத்தை முந்தி ஓடுவதுதான் சிக்கலின் வேர். பின்தங்கிய திரவம் தேங்கினால் குழாய்க்குள் பாரம் கூடும், கிணறு திணறும். இதை முன்கூட்டியே அறிய, கணினி கிணற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டின் அழுத்தத்திலிருந்து அடுத்ததைக் கணக்கிடுகிறது. ஆனால் திரவம் தேங்கும் அளவைச் சமன்பாடு மட்டும் சொல்லிவிடாது, சோதனை செய்துதான் பார்க்க வேண்டும். ஹேகடார்ன், பிரவுன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1,500 அடிச் சோதனைக் கிணற்றில் அழுத்தத்தை அளந்து 1965இல் வெளியிட்ட கணக்குமுறை இன்றும் மென்பொருள்களில் இருக்கிறது. எந்த விட்டமுள்ள குழாயை இறக்குவது, எப்போது வாயு செலுத்தி எண்ணெயைத் தூக்கிவிடுவது என்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான் முடிவாகும்.